கொல்லிமலையில் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பம்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரி ஞாபகம் வரும். அறப்பளீசுவரர் கோவில் ஞாபகம் வரும். ஆகாய கங்கை அருவி ஞாபகம் வரும். இன்று அங்கே பஸ்சில் போகலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றினாலும் சில மணி நேரத்தில் மலைமேல் இறங்கிவிடலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அல்ல. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைதான். கால்நடையாக ஏறவேண்டும்; இல்லாவிட்டால் டோலியில் போகவேண்டும். 4,000 அடி உயரம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதுதான் மலைக் காய்ச்சல்! அதற்கு அஞ்சி, கீழ்நாட்டார் மலைமேல் இரவு தங்கவே தயங்குவார்கள்.

அந்த மலையில் வீடு கட்டிக் குடியேறியது ஓர் இங்கிலீஷ் குடும்பம். அப்பா அங்கேயே மாண்டார். மகன் அங்கேதான் வளர்ந்தான். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஆனான். அம்மாவோ, "வயதாகிவிட்டது, ஓய்வு எடுங்கள்" என்று சொன்ன பிறகும் மலையைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்!

அமெரிக்காவில் மர வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்களின் கதையைப் பலர் படித்திருப்பார்கள். சினிமாவிலும் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு கதை நம் சேலம் சீமையிலும் நடந்திருக்கிறது.

மேஸ்திரி மகனும் சீமான் மகளும்

அவர் பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். இங்கிலாந்தில், கட்டிட வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதற்காக 1907-ம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். மலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் இருந்து வேலை செய்தார். ஓராண்டு வைத்தியப் பயிற்சியும் பெற்றவர். முழு டாக்டர் அல்ல. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பல் பிடுங்குவார்.

சேந்தமங்கலத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அங்கே டாக்டர் கிடையாது. பள்ளிக்கூடமும் இல்லாத ஊர்கள் பல. "அங்கேதான் போகவேண்டும்" என்று ஜெஸ்ஸி முடிவு செய்தார்.

ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வியாபாரி ஒருவரின் மகள். நிறைய சகோதர சகோதரிகளோடு பெரிய வீட்டில் வளர்ந்தவர். அழகாக உடுத்துவார். படம் வரைவதில் ஆசை அதிகம். அந்தப் பெண்ணும் 1911-ல் மத ஊழியத்துக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது 32.

இருவரும் 1913-ம் ஆண்டு கலியாணம் செய்துகொண்டார்கள். மணப்பெண் மாப்பிள்ளையைவிடச் சில வயது மூத்தவர். கலியாணம் ஆனதும் புதுமணத் தம்பதிகள் ஊட்டிக்கா போனார்கள்? இல்லை. கொட்டும் மழையில் நனைந்தபடியே கொல்லிமலை ஏறினார்கள்!

மலைமேல் வாழவந்தி என்ற இடத்தில் வீடு. ஜெஸ்ஸி தம் கையாலேயே அமைத்த வீடு அது. மரச் சாமான்கள் எல்லாம் ஆள் தலைச்சுமையாக மேலே போயின. கல் தூண்களின்மேல் வீடு நின்றது. ஒவ்வொரு தூணின் தலையிலும், வாணலியைக் கவிழ்த்ததுபோல ஒரு தகடு. எதற்காக? கறையானுக்காக! தூண் வழியாக ஏறிவரும் கறையான் அந்தத் தகட்டைத் தாண்டி மரத்துக்குப் போகமுடியாது. மேஸ்திரி வீட்டுப் பிள்ளை அல்லவா!

மூன்று அண்ணன் தம்பிகள்

கொல்லிமலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. மலையை ஆள்பவர்கள் மலையாளிகள். இவர்கள் பேசுவது தமிழ். இவர்களும் ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்களே. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்தில் இருந்து புறப்பட்டு வந்தார்களாம். ஆளுக்கு ஒரு மலையாகக் குடியேறினார்களாம். அவர்களுடைய வம்சமே தாங்கள் என்பது மலையாளிகள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

அவர்கள் சாமை, தினை, கேழ்வரகு விளைவித்தார்கள். நீர் ஓடும் பள்ளங்களில், படிப்படியாக வரப்புக் கட்டி நெல் நட்டார்கள். அவர்களுக்கு ஊர்க்கட்டு உண்டு, நாட்டாமை உண்டு, பூசாரி உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் வேற்று மதம் பேச ஒருவர் வந்தால் என்ன ஆகும்? மருந்து வாங்க வந்தார்கள். மதத்துக்கு யாரும் வரவில்லை. பூசாரி எதிர்த்து நின்றார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவருடைய சாமி, அவருடைய ஊர்!

ஜெஸ்ஸி சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தச்சு வேலை கற்றுக் கொடுத்தார். பழ மரங்கள் வைத்தார். குதிரையில் ஊர் ஊராகப் போனார். நிலவரித் தொல்லையில் மலைமக்கள் சிக்கியபோது, அவர்களுக்காகக் கீழே இறங்கிப் போய் அதிகாரிகளிடம் வாதாடினார்.

அவர் செய்த வேலைகளில் முக்கியமானது ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

காலில் இருந்து வந்த புழு

நரம்புச் சிலந்தி என்ற நோயை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் மலையில் மிகச் சாதாரணமாக இருந்தது. முதலில் காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பாக எரியும். கொப்புளம் உடைந்ததும் உள்ளே இருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். நீளம் எவ்வளவு தெரியுமா? இரண்டு, மூன்று அடி!

அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே மிச்சம் இருக்கும் துண்டு அழுகிச் சீழ் பிடிக்கும். ஆளே முடமாகிவிடுவார். அதனால் ஒரு சிறிய குச்சியில் புழுவின் நுனியைச் சுற்றுவார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைத் திருப்பவேண்டும். முழுப் புழுவும் வெளியே வர நாள் கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் எத்தனையோ பேருக்கு இப்படிக் குச்சி திருப்பினார்கள்.

எங்கிருந்து வந்தது இந்தப் புழு? குடிதண்ணீரில் இருந்துதான். அங்கே இருந்தவை படி இறங்கும் கிணறுகள். எரிகிற காலோடு ஒருவர் படியில் இறங்கித் தண்ணீரில் நிற்பார். குளிர்ச்சியாக இருக்கும். அந்த நேரத்தில் புழு தண்ணீரில் லட்சக்கணக்கான குஞ்சுகளை விட்டுவிடும். தண்ணீரில் உள்ள மிகச் சிறிய பூச்சிகள் அந்தக் குஞ்சுகளை விழுங்கும். அந்தத் தண்ணீரை மற்றவர்கள் குடிப்பார்கள். சுமார் ஓராண்டு கழித்து, அவர்கள் காலிலும் புழு எட்டிப் பார்க்கும்!

புழுவை எடுத்துக்கொண்டே இருந்தால் வேலை முடியாது. கிணற்றைச் சரி செய்யவேண்டும். ஜெஸ்ஸி கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்ப வைத்தார். "யாரும் உள்ளே இறங்கக் கூடாது. வாளி விட்டு இறைத்துக் கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. செங்கல், சுண்ணாம்பு, ஒரு வாளி!

பிறகு இந்தியா முழுவதும் அரசாங்கம் நடத்திய ஒழிப்பு வேலையிலும் படிக்கிணற்றை மூடுவதும் தண்ணீரை வடிகட்டுவதுமே முக்கியமாக இருந்தன. இந்தியாவில் நரம்புச் சிலந்தி அடியோடு ஒழிந்துவிட்டது என்று 2000-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

பூசாரியின் குழந்தை

1918-ல் உலகம் முழுவதும் விஷக் காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அந்தக் காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. வீட்டுக்கு வீடு படுத்துவிட்டார்கள். பல வீடுகளில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை.

ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊற்றினார்கள். அந்தக் காய்ச்சலுக்கு வேறு மருந்து கிடையாது.

இவ்வளவு காலமும் எதிர்த்து நின்ற பூசாரியும் படுத்துவிட்டார். பிழைக்கமாட்டோம் என்று தெரிந்துவிட்டது. அவர் யாரைக் கூப்பிட்டு அனுப்பினார்? வெள்ளைக்காரப் பாதிரியாரைத்தான்! "என் குழந்தைகளை நீங்கள் எடுத்து வளர்க்கவேண்டும்" என்று ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

மலைமக்கள் சிலர் ஜெஸ்ஸியின் மதத்தில் சேரத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். பூசாரி என்ன நினைத்து அப்படிச் செய்தார் என்பது அவரோடு போய்விட்டது. ஆனால் தகப்பன் ஒருவன் தன் பிள்ளையை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அவர் என்ன மதம் என்றா பார்ப்பான்? கைவிடமாட்டார் என்பதைத்தான் பார்ப்பான்.

மரத்தில் ஒரு பள்ளிக்கூடம்

ஜெஸ்ஸிக்கும் ஈவ்லினுக்கும் 1914 ஜூலையில் ஆண் குழந்தை பிறந்தது. பால் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு பெண். அவள் பெயர் கோனி.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்ற பெயர்தான். செருப்பு இல்லாமல் காட்டில் ஓடினார்கள். மலைப் பிள்ளைகளோடு தமிழ் பேசி விளையாடினார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தது அம்மாதான். பாலுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. "மரத்தில் ஏறி உட்கார்ந்து படி" என்று அம்மா விட்டுவிட்டார். பையன் மேலே உட்கார்ந்து கணக்குப் போடுவான். போட்டு முடித்ததும் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். அம்மா திருத்திக் கொடுப்பார்!

அப்பா வேறுவிதமான வாத்தியார். கறையான் புற்றை வெட்டிக் காட்டுவார். தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டுவார்.

இன்னொரு வாத்தியாரும் இருந்தார். அவர் மலை ஊர்ப் பெரியவர். பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் சிறுவர்கள் நெல் வயலில் இறங்கித் தவளை பிடித்தார்கள். வயல் சேறானது. வரப்பு கலங்கியது. பாலும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தாத்தா வந்தார். பிள்ளைகள் பயந்து நின்றார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினார். "இது என்ன?" என்று கேட்டார். "சேறு" என்றார்கள். இந்தச் சேறுதான் சோறு போடுகிறது. வரப்பை உடைத்தால் மண் தண்ணீரோடு ஓடிவிடும். ஓடிய மண் மறுபடி மலை ஏறி வராது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பால் அதை மறக்கவே இல்லை. எழுபது வயதுக்கு மேல், அமெரிக்காவில் பெரிய டாக்டராக இருந்தபோது அந்த ஒரு கை சேற்றைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். பள்ளிக்கூடம் பார்க்காத கொல்லிமலைத் தாத்தா ஒருவர் சொன்ன பாடத்தை அமெரிக்கர்கள் படித்தார்கள்.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் பால் நினைவில் வைத்திருந்தார். தொழுநோய் கண்ட மூன்று பேர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார். ஓடி வந்து எல்லாரையும் தொட்டு விளையாடும் பிள்ளைகளை அன்று மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். "இந்த நோயைப் பார்த்து அப்பாவே பயப்படுகிறாரே!" என்று பையன் மனதில் பதிந்துவிட்டது.

இறந்தவர் எழுதிய கடிதம்

1923-ல் பாலுக்கு ஒன்பது வயது. படிப்புக்காக இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார்கள். லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் பலரும் இப்படித்தான் செய்தார்கள். என்றாலும், பெற்ற மனம் கல் அல்லவே! மரத்தில் ஓடி விளையாடிய பிள்ளைகள் லண்டன் பனியில் ஜன்னல் ஓரம் நின்றார்கள். மலைமேல் இருந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் ஓய்ந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்காக வந்தவர்கள் சொந்தப் பிள்ளைகளைப் பிரிந்தார்கள். இது சரியா என்று கேட்டால், பதில் சொல்வது லேசு அல்ல.

கடிதம்தான் உறவு. ஜெஸ்ஸி பக்கம் பக்கமாக எழுதுவார். மலையைப் பற்றி, மரத்தைப் பற்றி, பறவையைப் பற்றி எழுதுவார். கடிதம் கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும்.

1929-ம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனுக்கு ஒரு தந்தி வந்தது. ஜூன் 15-ந்தேதி ஜெஸ்ஸி பிராண்ட் காலமானார்! மலைக் காய்ச்சல் முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சலாக மாறிவிட்டது. வயது 44-தான். அடுத்த ஆண்டு ஊருக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க இருந்தார். வாழவந்தியிலேயே அடக்கம் செய்தார்கள்.

தந்தி வேகமாக வந்துவிட்டது. கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதிய கடிதங்கள் வந்தன! 14 வயதுப் பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான்.

பிறகு ஈவ்லின் இங்கிலாந்துக்கு வந்தார். பாலுக்கு அம்மாவை அடையாளமே தெரியவில்லை. நிமிர்ந்து நடக்கும் அழகான அம்மாவைத்தான் அவனுக்குத் தெரியும். வந்தவர் துயரத்தால் கூனிப்போன ஒரு கிழவி. "இனிமேல் இந்தியா வேண்டாம்" என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. திரும்பவும் கப்பல் ஏறிவிட்டார்.

கொத்து வேலை செய்த டாக்டர்

அப்பாவைப்போல ஆகவேண்டும் என்பது பாலின் ஆசை. அதனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டிட வேலைக்குப் போனார். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் கற்றார். பிறகு அப்பா படித்த அதே ஓராண்டு வைத்தியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கேதான் மனம் மாறியது. முழு டாக்டர் ஆவது என்று தீர்மானித்து, லண்டனில் படித்து, அறுவை நிபுணர் ஆனார். கூடப் படித்த மார்கரெட்டையே 1943-ல் மணந்தார். அவர் பின்னாளில் கண் டாக்டராகப் பேர் பெற்றார்.

1946-ல் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே டாக்டர் காக்ரேன் நோயாளிகளின் கைகளைக் காட்டினார். விரல்கள் மடங்கி, கழுகின் நகம்போல வளைந்திருந்தன. ஒருவர் கையில் தம் கையைக் கொடுத்து, "இறுக்கிப் பிடியுங்கள்" என்றார் பால். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்துவிட்டது!

அப்படியானால் தசை சாகவில்லை. நல்ல தசைநார் மிச்சம் இருக்கிறது. அதை எடுத்து, செயல் இழந்த விரலோடு இணைத்தால் என்ன? இப்படித்தான் தொழுநோயாளிகளின் மடங்கிய கையை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வளர்ந்தது.

இன்னொரு உண்மையும் தெரிந்தது. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததுதான் காரணம்! அடுப்பில் சுட்டாலும் தெரியாது. ஆணி குத்தினாலும் தெரியாது. இரவில் தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. அதனால் வேலூர் நவஜீவன் இல்லத்தில் இருந்த நோயாளிகள் ஆளுக்கு ஒரு பூனை வளர்த்தார்கள். பூனையும் ஒரு வைத்தியம் ஆனது!

தொழுநோயாளிகள் குணமான பிறகு பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? அங்கே பாலின் தச்சு வேலை உதவியது. உளி பிடிக்கவும் ரம்பம் பிடிக்கவும் அவரே சொல்லிக் கொடுத்தார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். 2003-ல், 88-வது வயதில் அங்கே சியாட்டில் நகரத்தில் காலமானார்.

கண்ணாடி இல்லாத வீடு

இப்போது அம்மாவின் கதைக்கு வருவோம்.

கணவன் இறந்த பிறகு ஈவ்லினை மிஷன் சங்கம் மற்ற ஊர்களுக்கு அனுப்பியது. மலைக்கு அனுப்பவில்லை. 1947-ல் அவருக்கு 68 வயது. "போதும், ஓய்வு பெறுங்கள்" என்றார்கள். "சரி. ஆனால் ஓராண்டு மட்டும் கொல்லிமலையில் இருந்துவிட்டு வருகிறேன்" என்று கேட்டார். கிழவியின் ஆசை என்று சம்மதித்தார்கள்.

ஓராண்டு முடிந்தது. "நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி உங்கள் சங்கத்தில் இல்லை. அதனால் நீங்கள் என்னைக் கூப்பிட முடியாது. நான் இங்கேயே இருக்கிறேன்!" என்று சொல்லிவிட்டார்.

ஜெஸ்ஸியும் அவரும் ஒரு காலத்தில் போட்ட திட்டம் ஒன்று உண்டு. கொல்லிமலையோடு நிற்கக்கூடாது, சுற்றி உள்ள மற்ற மலைகளுக்கும் போகவேண்டும் என்பதுதான் அது. அதை ஈவ்லின் தனியாக எடுத்துக்கொண்டார். பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் போனார். நரம்புச் சிலந்திக்குக் குச்சி திருப்பினார். கிணற்றைச் சுவர் எழுப்பி மூடச் சொன்னார். கஞ்சாப் பயிர் செய்பவர்களோடு சண்டை போட்டார். ஊரார் அவரைப் பாட்டி ஆக்கிவிட்டார்கள்.

75 வயதில் மலைமேல் தனியாக இருந்தபோது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையில் கிடந்தார். காலையில் வேலை ஆள் ஒருவர் வந்து பார்த்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். அங்கிருந்து ஜீப்பில் 150 மைல்! குண்டும் குழியுமான ரஸ்தா. முறிந்த எலும்போடு அந்தப் பிரயாணம்.

மகன் வந்தார். டாக்டர் அல்லவா? "அம்மா, இனி மலை வேண்டாம்" என்று எவ்வளவோ சொன்னார். நடக்கவே கஷ்டம். இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றித்தான் நகர முடிந்தது. அப்படியும் குதிரைமேல் ஏற்றிவிடச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார். உலகத்துக்கே வைத்தியம் சொன்ன மகனால் பெற்ற தாயை மாற்ற முடியவில்லை!

லண்டனில் பட்டு உடுத்திய பெண் அவர். முகத்தில் சுருக்கம் விழுந்தது. தோல் உரிந்தது. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டி வருகிறார் என்றால் மலை ஊர்களில் ஜனங்கள் வந்து சுற்றி உட்கார்ந்து கொள்வார்கள்.

தொண்ணூறு வயதுக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 1974-ம் ஆண்டு டிசம்பர் மாதம், 95-வது வயதில் இறந்தார்.

சவப்பெட்டி செய்யக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அதன்படி ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஊர் மக்கள் சுமந்து போனார்கள். வாழவந்தியில், 45 ஆண்டுகளுக்கு முன்பு புதைத்த கணவனுக்குப் பக்கத்தில் அவரையும் மண்ணில் வைத்தார்கள்.